தூத்துக்குடி ரூட்டைப் போட்ட ஜெசிந்தா அம்மா

கைபேசித் திரையில் அவர் பெயர்தான் வந்தது. நாமக்கல்லில் டயர் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எடுத்த எடுப்பிலேயே, "சொல்லுங்க அம்மிணி, கரூர் எடத்தைத்தானே கேக்கப் போறீங்க? பாத்துட்டேன். உங்களுக்குப் புடிக்காது, பக்கத்துலயே பள்ளிக்கூடம் வருது" என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். குறுக்கே ஓர் ஆண் குரல் வந்தது. அவருடைய கணவர் அந்தோணிசாமி.

"அண்ணா, ஜெசிந்தா தவறிட்டா."

"யாருங்க?" என்று கேட்டேன்.

திரையில் பெயர் இருக்கிறது, பேசுகிறவர் கணவர், ஆனாலும் அப்படித்தான் கேட்டேன். அவர் பொறுமையாக இன்னொரு முறை சொன்னார். காலையில் மாதா கோவிலில் பூசை பார்த்துவிட்டு, வருகிற வழியில் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். பையைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அந்தோணிசாமி தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

டயர் கடைக்காரர் என்னிடம் ஏதோ விலை சொல்லிக்கொண்டிருந்தார். நானும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். எதற்கு ஆட்டினேன் என்று இன்றைக்கு வரை தெரியவில்லை. இரண்டு நாளைக்கு முன்னால்தான் என் அலுவலகத்தில் உட்கார்ந்து, இரண்டாவது வடையையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, என்னோடு சண்டை போட்டுவிட்டுப் போனவர் அவர்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்காகவும் எழுத வேண்டும் என்று நம் லாரி உரிமையாளர் சங்கத்து இதழில் கேட்டார்கள். எனக்கு எழுத்துப் பழக்கம் இல்லை. லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, பழைய வண்டி ஒன்றை வாங்கித் தொழிலுக்கு வந்தவன். நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

சமையல் காஸ் ஏற்றும் டேங்கர் தொழில் நாமக்கல்காரர்களுக்குப் பழகின தொழில். ஆனால் காஸை வெளிநாட்டுக்கு அனுப்ப வண்டி விடுவது எனக்குப் புதிது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவு நாடு. அங்கே பெரிய கப்பல் நிற்க வசதி கிடையாது. அதனால் மங்களூரில் காஸைத் தொட்டியில் அடைத்து, தொட்டியோடு டிரெய்லரில் ஏற்றித் தூத்துக்குடி கொண்டுபோக வேண்டும். அங்கே தொட்டியை அப்படியே தூக்கிச் சின்னக் கப்பலில் வைத்துவிடுவார்கள். வாங்குகிற கம்பெனி என்னிடம் வேலையைக் கொடுப்பதற்கு முன் ஒரு நிபந்தனை போட்டது. பாதுகாப்பு படித்த ஒருவர் வழியை ஆராய்ந்து வகுக்க வேண்டும், சில மாதம் சோதனையாக ஓட்ட வேண்டும், பிறகு அவர்கள் ஆள் வந்து பார்த்து முடிவு செய்வார்கள். போட்டிக்கு வேறு ஊர்க்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் சொன்ன வாடகை என்னுடையதைவிடக் குறைவு.

அப்படித் தேடியபோது கிடைத்தவர் ஜெசிந்தா அம்மா. சேலம் டவுனில் பிறந்து வளர்ந்தவர். காஸ் நிரப்பும் ஆலை ஒன்றில் பாதுகாப்புப் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு, தகப்பனாரைக் கவனித்துக்கொள்ள வேலையை விட்டு வந்திருந்தார். முதல் நாள் அலுவலகத்துக்கு வந்தவர் உட்காரக்கூட இல்லை. சுவரில் இருந்த சாலைப் படத்தின் முன்னால் போய் நின்றுகொண்டு, "உங்க டிரைவருங்க எல்லாம் எந்த ஊரு?" என்றார்.

இந்த அம்மா சாதி விசாரிக்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். "எல்லாம் நம்ம பக்கந்தாங்க மேடம். ஆட்டையாம்பட்டி, ராசிபுரம், திருச்செங்கோடு" என்றேன்.

"அப்ப வழி நெடுக அவங்க வீடு இருக்கு" என்றார். அப்போது எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

வழி பார்க்க என் காரிலேயே கிளம்பினோம். எல்லோருக்கும் பயம் தொப்பூர் இறக்கத்தைப் பற்றித்தான். கம்பெனி கொடுத்த தாளிலும் அதைத்தான் சிவப்பில் போட்டிருந்தார்கள். ஜெசிந்தா அம்மா அங்கே இறங்கிக் கொஞ்ச நேரம் வண்டிகளைப் பார்த்தார். வெளிச்சத்தில் மட்டும் இறங்க வேண்டும், ஒரு வண்டிக்கும் இன்னொன்றுக்கும் இடைவெளி விட வேண்டும், மேலேயே கியரைக் குறைத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

"அவ்வளவுதானுங்களா?"

"தொப்பூரைப் பத்தி எனக்குக் கவலை இல்லண்ணா. இங்க எல்லாரும் பயந்துகிட்டுதான் ஓட்டுவாங்க. பயம் விட்டுப்போற எடம் எதுன்னு காட்டுங்க, அதைப் பாக்கலாம்."

அப்படி ஓர் இடம் எனக்குத் தெரியாது என்றேன். தெரியும். சோதனை லோடு வந்த அன்றைக்கு அது வெளியே வந்தது.

முதல் சோதனை லோடை என்னிடம் இருந்ததிலேயே நிதானமான டிரைவரிடம் கொடுத்தேன். பெயர் பழனிசாமி. ஆட்டையாம்பட்டிக்காரர். நாங்கள் இருவரும் காரில் பின்னாலேயே வந்தோம். ஓமலூரில் சாப்பிட நின்றோம். அவரை முன்னால் போகச் சொன்னோம். நாமக்கல் வந்து பார்த்தால் வண்டியைக் காணோம். போன் போட்டால் எடுக்கவில்லை.

ஜெசிந்தா அம்மா என் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியும் போல இருக்கே, எங்க இருக்கும்னு."

இந்தத் தொழிலில் யாருக்குத்தான் தெரியாது. டிரைவர்கள் அதற்கு 'ஊட்டு ஸ்டாப்பு' என்று பேர் வைத்திருக்கிறார்கள். வாரக்கணக்கில் வீட்டைப் பார்க்காதவன், சொந்த ஊருக்குப் பக்கமாக ரோடு போகும்போது கொஞ்சம் வண்டியைத் திருப்புவான். குளித்துவிட்டு, சுடுசோறு தின்றுவிட்டு, பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவான். போன நேரத்தை அடுத்த ரோட்டில் பிடித்துவிடுவான். முதலாளிகள் கண்டும் காணாமல் இருந்துவிடுவோம். நானே டிரைவராக இருந்தபோது சிமெண்ட் மூட்டையோடு எத்தனையோ முறை வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறேன். சிமெண்டால் யாருக்கு என்ன ஆகப்போகிறது. சரக்கு காஸாக மாறிவிட்டது, பழக்கம் அப்படியே இருந்தது.

ஆட்டையாம்பட்டிக்குக் காரைத் திருப்பினேன். தறிச் சத்தம் ஓடுகிற ஒரு தெரு. டிரெய்லர் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. அன்றைக்குப் பழனிசாமியின் மகளுக்குக் காதுகுத்து. சொன்னால் லோடை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவேன் என்று எனக்குச் சொல்லவில்லை. காது குத்துகிற நேரத்துக்காவது எட்டிப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறார். வாசலில் கல் கூட்டி, விறகு அடுப்பில் பெரிய அண்டாவில் கறிக்குழம்பு கொதிக்கிறது. நல்ல வெயில். காஸ் தொட்டியின் நிழலில் பாய் விரித்து, சொந்தக்காரப் பெரியவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். "வாங்க வாங்க, இங்கதான் குளுகுளுன்னு இருக்குது, ஒக்காருங்க" என்று ஒருவர் எங்களுக்கும் இடம் ஒதுக்கினார்.

ஜெசிந்தா அம்மா சத்தம் போடவில்லை. நேராக அடுப்புக்குப் போனார். பழனிசாமியின் மனைவி சரசு கரண்டியோடு நின்றிருந்தாள்.

"கொதிச்சது போதும்மா. தண்ணி ஊத்தி அடுப்பை அணைச்சிடலாமா?"

"கறி இன்னும் வேகலீங்களே."

"வேகாத கறியே நான் சாப்பிடறேன். நீங்க ஊத்துங்க."

சரசு சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே ஊற்றியும் விட்டாள். அடுப்பு நன்றாக அணைந்ததைப் பார்த்த பிறகுதான் பெரியவர்களிடம் போனார். காற்று வருகிற பக்கமாகத் தெருக்கோடிக்குப் போகச் சொல்லி, பாயை அவரே சுருட்டிக் கொடுத்தார். பிறகு வால்வு ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதன் பிறகுதான் பழனிசாமியை இஞ்சினைக் கிளப்பவிட்டார். ஊருக்கு வெளியே கரட்டு நிலத்தில் வண்டியை நிறுத்த வைத்தார். வண்டிக்கு என்னைக் காவல் வைத்துவிட்டு, பழனிசாமியைக் கூட்டிக்கொண்டு அதே வீட்டுக்குப் போனார். அந்தப் பிள்ளைக்குக் காது குத்துவதைப் பார்த்துவிட்டு, சொன்னபடியே அந்தக் கறியையும் தின்றுவிட்டு வந்தார்.

திரும்பி வரும்போது காரில் நான் கொதித்தேன். "இன்னிக்கே அவனை நிறுத்திப்புடறேன் மேடம்."

"நிறுத்துங்க. அடுத்த டிரைவர் எந்த ஊரு?"

"ராசிபுரம்."

"அவருக்குப் பொண்ணு இருக்கா?"

காரின் வேகத்தைக் குறைத்தேன்.

"வண்டி ஓடறதைத்தான் நாம ரூட்டுன்னு நெனச்சுகிட்டு இருக்கோம்ணா. நிக்கற எடந்தான் ரூட்டு" என்றார். அந்தப் பயணம் முழுக்க அவர் சொன்னதில் இது ஒன்றுதான் எனக்கு முழுசாக மனப்பாடம்.

அபராதம் போடலாம் என்றேன். வண்டி ரோட்டை விட்டு விலகினால் போனில் மணி அடிக்கிற கருவி வைக்கலாம் என்றேன். கருவி வைக்கச் சொன்னார், ஆனால் அது மட்டும் போதாது என்றார். நம் ஊர்ப் பக்கமே வராமல் சுற்றிப் போகிற வழியையும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அதில் போனால் வாடகை ஏறிவிடும், போட்டிக்காரர் ஜெயித்துவிடுவார். கடைசியில் அவர் ஒரு யோசனை சொன்னார். நாமக்கல்லுக்கு வெளியே, பைபாஸை ஒட்டி, வீடு வாசல் இல்லாத நிலம் ஒன்றைக் குத்தகைக்கு எடுக்க வேண்டும். லோடு வண்டி அங்கேதான் நிற்க வேண்டும். வண்டி நிற்கிற இடத்துக்கு நன்றாகத் தள்ளி, காற்று வருகிற பக்கம் ஒரு கூடம் கட்ட வேண்டும். டிரைவர் குடும்பத்தை நம் வேனில் அங்கே கூட்டி வர வேண்டும். சாப்பாட்டை வீட்டிலேயே ஆக்கிக் கொண்டு வரட்டும். யார்டுக்குள் அடுப்பு கிடையாது, பீடி கிடையாது, போன் கேட்டிலேயே இருக்கும்.

"அம்மிணி, நான் லாரி ஓட்டறனா, கல்யாண மண்டபம் நடத்தறனா?" என்றேன். மேடம் போய் அம்மிணி வந்தது அன்றைக்குத்தான். கோபத்தில் வந்துவிட்டது.

"மண்டபத்துல அடுப்பு எரியும்ணா. இங்க எரியாது."

டிரைவர்கள் அவருக்குப் 'பார்க்கிங் அம்மா' என்று பேர் வைத்தார்கள். அவர் காதுபடவே சொன்னார்கள். பழனிசாமிக்கு வாய் கொஞ்சம் நீளம். "சோத்தை வேன்ல கொண்டாந்து குடுத்தா அது ஊட்டுச் சோறாயிடுங்களா?" என்று கேட்டார்.

"ருசி கொறஞ்சா சரசுகிட்ட சொல்லுங்க. என்கிட்ட சொல்லாதீங்க."

"அவகிட்ட எப்படிங்க சொல்றது?"

"அப்ப பேசாம சாப்பிடுங்க."

முதல் வேனில் வந்தவள் சரசுதான். அடுத்த வாரம் வேன் பத்தவில்லை. கேட்டில் பீடிக்கட்டைப் பறிகொடுத்த பெரியவர்கள் ஜெசிந்தா அம்மாவைத் திட்டிக்கொண்டேதான் உள்ளே வருவார்கள். அவரும் "வாங்க சாமி, போகும்போது வாங்கிக்கலாம்" என்று சிரித்துக்கொண்டே அனுப்புவார். ஒரு விதியில் மட்டும் சிரிக்க மாட்டார். லோடு வண்டியை ஒரு நிமிஷம்கூட ஆளில்லாமல் விடக் கூடாது. எல்லோரும் சாப்பிடப் போனாலும் ஒருவர் வண்டிப் பக்கம் இருந்தாக வேண்டும். சொந்தக் குழந்தை கூடத்தில் அழுதாலும், மாற்று ஆள் வந்த பிறகுதான் போக வேண்டும்.

வியாபாரி என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த யார்டை நான் தர்மத்துக்குக் கட்டவில்லை. கட்டிய பிறகு நடந்ததை நானே எதிர்பார்க்கவில்லை. டிரைவர் கிடைக்காமல் மற்றவர்கள் தவித்தபோது, இந்த ரூட்டுக்கு வரிசையில் நின்றார்கள். வண்டிகள் யார்டிலிருந்து ஒரே கணக்கில் கிளம்பியதால் துறைமுகத்துக்கும் ஒரே கணக்கில் போய்ச் சேர்ந்தன. கப்பலுக்காக வண்டியோ வண்டிக்காகக் கப்பலோ காத்திருக்கவில்லை. "காஸ் விலை எல்லாருக்கும் ஒண்ணுதாண்ணா. வழியில வீணாகற நேரம் யாருக்குக் கம்மியோ அவங்க ஜெயிப்பாங்க" என்று ஆரம்பத்தில் சொன்னார். அப்போது அதை ஒரு பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

கம்பெனியிலிருந்து பார்வையிட வந்தவர் கூடத்துப் பக்கம் டிரைவர் பிள்ளைகளுக்காகக் கட்டியிருந்த ஊஞ்சலைப் பார்த்து முகம் சுளித்தார். டேங்கர் யார்டில் ஊஞ்சல் எதற்கு என்று கேட்டார்.

"அந்த ஊஞ்சல் இங்க இருக்கறதாலதான் சார் வண்டி தெருவுல இல்ல" என்றார் ஜெசிந்தா அம்மா. வந்தவரை ஆட்டையாம்பட்டித் தெருவுக்கே காரில் கூட்டிப் போய்க் காட்டினார். அங்கே என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொன்னார். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் நினைத்தேன். வந்தவர் திரும்பிப் போய் ஒப்பந்தத்துக்குச் சம்மதம் எழுதி அனுப்பினார்.

இவ்வளவும் அவருக்குப் போதவில்லை. கரூர் பக்கத்து டிரைவர்களும் இப்போது சேர்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கும் வழியில் வீடு இருக்கிறது, அங்கேயும் ஒரு யார்டு வேண்டும் என்று பிடிவாதம். அதற்குத்தான் அந்தச் சண்டை. கடைசிச் சண்டை என்று யாருக்குத் தெரியும்.

மறுநாள் சேலத்தில் அடக்கம். காலையில் நான் கோவில் வாசலில் நிற்கிறேன். உள்ளே பெட்டியில் அவரை வைத்திருக்கிறார்கள். எனக்கு உள்ளே போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அந்த நேரத்துக்குப் பழனிசாமி போன் செய்தார். நான்கு லோடு வண்டிகள் தொப்பூர் இறங்கி, டோல்கேட் வரிசையில் நின்றிருந்தன. செய்தி அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. போனை இன்னொரு டிரைவர் பிடுங்கிப் பேசினார். "மொதலாளி, பைபாஸ்ல ஓரங்கட்டிப்போட்டு ஓடியாந்து ஒருக்கா மூஞ்சியப் பாத்துட்டுப் போயிடறமுங்க. கால் மணி நேரந்தான். அந்தம்மாவுக்கு இதுகூட செய்யலீன்னா நாங்கெல்லாம் மனுசனுங்களா?"

எத்தனையோ முறை இப்படிக் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் 'கூடாது' என்று சொன்னது அவர்தான். நான் பக்கத்தில் நின்று, பாவம் நான் என்ன செய்வது என்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வேன். அன்றைக்குச் சொல்ல அவர் இல்லை. "வாங்கப்பா" என்கிற வார்த்தை வாய் வரை வந்துவிட்டது. உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது. ரோட்டோரத்தில் நாலு தொட்டி, யாரும் இல்லாமல். அது மட்டும் கண்முன்னால் வந்தது.

"வேண்டாம்" என்றேன். "யார்டுக்குப் போங்க. வேன் அனுப்பறேன். அதுல வாங்க. பெட்டியை எடுக்கறதைத் தள்ளிப்போடச் சொல்றேன்."

அந்தப் பக்கம் யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். என்னைத்தான். பிறகு பழனிசாமி குரல் வந்தது.

"செரிங்க. ஒருத்தன் வண்டிகிட்ட இருக்கோணுமில்லீங்க. நான் இருந்துக்கறேன்."

"நீயாப்பா? நீ வரலியா?"

"அவிய மூணு பேரும் வரட்டுங்க. என்ற தெருவுல வந்ததுதானுங்களே இத்தனையும். நான் இருந்துக்கறேன்."

நான் அந்தோணிசாமியிடம் போய்ச் சொன்னேன். அவர் நேராகப் பங்குச் சாமியாரிடம் போய்ப் பேசினார். பெட்டியை மூடாமல் காத்திருந்தார்கள். வேன் வந்தது. மூன்று டிரைவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் இறங்கினார்கள். சரசுவும் வந்திருந்தாள். அப்போதுதான் நானும் அவர்களோடு உள்ளே போனேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஏதாவது சொன்னால் பதில் சொல்லிவிடுவார் போலத்தான் இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டோம்.

நானும் வேனிலேயே யார்டுக்குத் திரும்பினேன். பழனிசாமி நாலு வண்டிகளுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். உட்கார நிழல் இருந்தது, உட்காரவில்லை. மாற்று ஆள் வந்து நின்ற பிறகுதான் கூடத்துப் பக்கம் வந்தார்.

"மண்ணு போட்டாச்சுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

தலையாட்டினேன். சரசு முன்னால் வந்தாள். இழவுக்குப் போய்வந்தால் கை கால் கழுவாமல் எதையும் தொட மாட்டார்கள் எங்கள் பக்கத்தில். அவள் சேலத்திலிருந்து அது வரைக்கும் கை கழுவாமல் வந்திருக்கிறாள். வலது கையை மூடியே வைத்திருந்தாள். "உங்களுக்கும் சேத்து ரெண்டு புடி போட்டுட்டு வந்தேன்" என்று சொல்லிக் கையைத் திறந்து காட்டினாள். ரேகையெல்லாம் செம்மண். பழனிசாமி அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு போய் வண்டியில் ஏறினார்.

நாலு வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக, அவர் சொல்லிவைத்த இடைவெளியோடு, தெற்கே திரும்பின. கடைசி வண்டி கண்ணை விட்டு மறைகிற வரைக்கும் கேட்டில் நின்றேன்.

வண்டியெல்லாம் கிளம்பிவிட்டது அம்மிணி. தெருவில் ஒன்றும் நிற்கவில்லை. நீங்கள் போய் வாருங்கள்.